வந்தாரை வரவேற்பதற்கும் ஓர் அளவுண்டா?



உங்களில் ஒருவருக்குப் பழனிசெட்டிபட்டி அருகே முல்லைப் பெரியாற்றின் கரையோரம் நாற்பது சென்ட் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டனாரும் தகப்பனாரும் நெல் நட்ட நிலம். மகன் படித்துவிட்டு வேலை தேடி அலைகிறான். ஒருநாள் சாயங்காலம் அவன் சொல்லுகிறான்: “அப்பா, சனி ஞாயிறானா நம்ம ரோட்டுல எத்தனை காரு, எத்தனை வேனு போகுது பாருங்க. எல்லாம் மேகமலைக்கும் சுருளிக்கும் தேக்கடிக்கும் போறதுதான். நெல்லுல என்ன மிச்சம்? ஆத்தைப் பாத்தாப்புல எட்டு ரூம் கட்டிப் போடுவோம். கொஞ்ச வருஷத்துல கடன் அடைஞ்சிரும்.”

தகப்பனார் உடனே பதில் சொல்லவில்லை. மகன் சொல்வதில் தப்பில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆயினும் மனத்தில் ஏதோ ஒன்று உறுத்துகிறது. அது இன்னதென்று அவருக்கே எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த உறுத்தலைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும். இது ஒரு வீட்டு விவகாரம் மட்டுமன்று. கூடலூரிலிருந்து தேனி வரை நம் பள்ளத்தாக்கு முழுவதும் இன்று இந்தக் கேள்வியின் முன் நிற்கிறது. அகல ரயில் பாதை 2022-இல் தேனிக்கும், 2023-இல் போடிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சென்னையில் இரவு ரயில் ஏறுகிறவர் காலையில் நம் மலையடிவாரத்தில் இறங்கிவிடலாம். உல்லாசப் பயணிகள் வருவார்கள். இனியும் அதிகமாக வருவார்கள். அவர்களை எப்படி, எவ்வளவு, எந்த நியாயத்தோடு வரவேற்பது என்பதே கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். வருகிறவர்களுக்குக் கதவடைப்பது நம் வழக்கமன்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். முன்பின் தெரியாத மூன்று வழிப்போக்கர்களுக்கு ஓடியாடி விருந்து செய்த அபிரகாமின் கதையைச் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டவர்கள் நாம். அதுமட்டுமா? நம் பள்ளத்தாக்கின் செழிப்பே அயலார் கைபட்டு வந்ததுதான். மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பிய அணையை 1895-இல் முடித்துக் கொடுத்தவர் பென்னிகுவிக் என்ற ஆங்கிலேய இஞ்சினீயர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்கு முதலில் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்றும், அது 1832-ஆம் ஆண்டு என்றும் சொல்லப்படுகிறது. வந்தவர்களால் வாழ்ந்த ஊர், வருகிறவர்களை வெறுப்பது நன்றிகெட்ட செயலன்றோ?

உழைத்துச் சம்பாதிப்பதும் பாவமன்று. வயிற்றுப் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகிற பிள்ளை, சொந்த ஊரிலேயே மனைவி மக்களோடு இருந்து நாலு காசு பார்க்க முடியுமானால் அது நல்ல காரியம். “ஊரைக் கெடுக்காதே” என்று உபதேசம் செய்வது நிறைந்த வயிற்றுக்காரர்களுக்கு எளிது. ஆகையால் மகன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதில் வேண்டும்.

நிற்க. வீட்டு விருந்தாளிக்கும் விடுதி விருந்தாளிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைச் சற்றே யோசியுங்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு நாம் கொடுப்பது நம்முடையதை. நம் பானைச் சோறு, நம் பாய், நம் திண்ணை. கொடுக்கக் கொடுக்கக் குறைவது நமக்கே. ஆகவே எவ்வளவு கொடுக்கலாம் என்பது யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும். விடுதிக்கு வருகிறவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்? நாலு சுவருக்கும் ஒரு கட்டிலுக்குமா? அவை அவர் ஊரிலும் உண்டு. ஆற்றின் சலசலப்புக்கும், மலைக்காற்றுக்கும், மேகம் இறங்கும் காட்சிக்கும், ராத்திரியின் அமைதிக்கும் அல்லவா அவர் விலை கொடுக்கிறார்! சுவர் நம்முடையது; ஆறு நம்முடையதா? கட்டில் நம்முடையது, மலை நம்முடையதா?

உறுத்தலின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாம் விற்கப் போவதில் பெரும்பகுதி நம்முடைய சொத்தன்று. சர்வேசுரன் உண்டாக்கி, நமக்கும் நமக்குப் பின் வருகிறவர்களுக்கும் பொதுவில் ஒப்படைத்தது அது. நாம் அதற்கு எஜமானர்கள் அல்லர், காரியஸ்தர்கள். எஜமானுடைய தோட்டத்துக் கனியைக் காரியஸ்தன் விற்கலாம், தோட்டத்தை விற்கலாமா? கனியை விற்பதற்கும் தோட்டத்தை விற்பதற்கும் நடுவே கிடக்கும் கோடு எது? அந்தக் கோட்டுக்குத்தான் ‘அளவு’ என்று பெயர். நாளைக்கும் நிலைக்கும் சுற்றுலா என்று இன்று உலகமெங்கும் பேசுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2017-ஆம் ஆண்டையே அதற்கென்று ஒதுக்கிற்று. எத்தனை பெரிய பெயர் வைத்தாலும் அதன் சாரம் இந்த ஒரு சொல்தான்: அளவு.

அளவைப் பற்றிப் பேச நம்மூருக்குத் தனி உரிமை உண்டு. பெரியாற்றுத் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அந்தப் பாசனத்தைச் சொல்லும்போதெல்லாம் ‘லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை’ என்றுதானே சொல்கிறார்கள்? அந்த வரிசையில் கடைசிப் பெயர் நம்முடையது. கடைமடைக்காரனுக்கு ஒரு ஞானம் உண்டு. மேலே ஒருவன் மடையை அதிகம் திறந்தால் தன் வயல் காயும் என்பது அவனுக்குத் தெரியும். மேலே ஒருவன் கழிவைக் கொட்டினால் அது தன் வாசலுக்கே வரும் என்பதும் தெரியும். நம் எல்லை தாண்டிய தண்ணீர் வைகையோடு கலந்து, வைகை அணையில் தங்கி, மதுரைக்குப் போகிறது. ஆகவே மேலே கம்பத்தாருக்கும் சின்னமனூராருக்கும் நாம் கடைமடை. மதுரைக்காரருக்கோ நாமே மேல்மடை. நமக்கு மேலிருப்பவர் எதைச் செய்யலாகாது என்று நினைக்கிறோமோ அதை நமக்குக் கீழிருப்பவருக்கு நாம் செய்யலாமா? நம் மனச்சாட்சிக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இப்போது அந்த எட்டு அறைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயக் கணக்கின்படி வீட்டில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர். ஓட்டலில் ஒரு படுக்கைக்கு 180 லிட்டர். எட்டு அறை, அறைக்கு மூன்று பேர் என்றால் 24 பேர். நாளொன்றுக்கு 4,320 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது பொதுவான கணக்கு. அதாவது தினமும் ஏறக்குறைய 3,450 லிட்டர். ஆற்றங்கரை மணலில் தோண்டிய செப்டிக் டேங்க் அதைத் தாங்குமா? தாங்காதென்றால் அது எங்கே போகும்? கீழே தலைமுழுகுகிற பிள்ளையின் வாய்க்கல்லவா போகும்!

“ஒரு விடுதியால் ஆறு கெட்டுவிடுமா?” என்று கேட்பீர்கள். கெடாது. அதுதான் இந்தப் பாவத்தின் தந்திரம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவன் செய்வதும் சொற்பம். கூட்டிப் பார்த்தால் மலை. பக்கத்து நிலத்துக்காரர் பத்து அறை கட்டுவார். அடுத்தவர் இருபது கட்டுவார். எவரும் தம்மைக் குற்றவாளியாக நினைக்கமாட்டார். ஆனால் பத்து வருஷத்தில், ஆற்றைப் பார்க்க வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போவான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னது சாப்பாட்டுக்கு மட்டுமன்று.

இது வெறும் கற்பனையன்று. நமக்கு நேர் வடக்கே இருக்கும் கோடைக்கானலைப் பாருங்கள். 1845-இல் அமெரிக்க மிஷனரிமார் சிலர் காய்ச்சலுக்குப் பயந்து அங்கே குடிசை போட்டார்கள். மோட்டார் பாதை வருமுன், நம் பெரியகுளத்து அடிவாரத்திலிருந்து மனிதர் தோளில் நாற்காலி வைத்துச் சுமந்துகொண்டு போவார்கள். அந்நாளில் அளவை மலையே போட்டது. சுமைகாரர் தோள் போட்டது. பின்னர் பாதை வந்தது, பஸ் வந்தது, கார் வந்தது. கோடைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் நிலையும் வந்தது. கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கோடைக்கானலுக்குச் சாதாரண நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி. நீலகிரிக்கு 6,000, 8,000 என்று வரம்பே கட்டப்பட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, உரிய காலத்தில் அளவை நாமே போட்டுக்கொள்ளாவிட்டால், காலம் கடந்தபின் பிறர் வந்து போடுவார்கள். அப்போது அது மருந்தாக இராது. அறுவைச் சிகிச்சையாக இருக்கும். வரம்பு வந்தவுடன் அங்குள்ள சிறு வியாபாரிகள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அவர்கள் வேதனை பொய்யன்று. பழக்கடைக்காரரும் குதிரைக்காரரும் வாடகைக் கார்க்காரரும் அந்த மூன்று மாத வரும்படியை நம்பியே வருஷத்தை ஓட்டுகிறவர்கள். ஆரம்பத்திலேயே அளவோடு வளர்ந்திருந்தால் அந்த அடி அவர்கள்மேல் விழுந்திராது.

இரண்டாவது பாடம் இன்னும் நுட்பமானது. அந்த இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. முறைப்படி பதிவு செய்தால் போதும். இத்தாலியில் வெனிஸ் நகரத்தார் வேறொரு வழி எடுத்தார்கள். 2024 முதல், கூட்டம் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில் பகல்பொழுது மட்டும் வந்து போகிறவரிடம் ஐந்து யூரோ வாங்கினார்கள். எது நியாயம்? பணத்தால் அளவு போட்டால், ஏழைதான் வெளியே நிற்பான். பணக்காரனுக்கு அளவே இராது. முறைவைத்து அளவு போட்டால், எல்லோருக்கும் ஒரு நாள் கிடைக்கும். மலையைப் பார்த்து மனம் குளிரும் உரிமை பணமுள்ளவனுக்கு மட்டுமா? வாய்க்காலில் முறைப்பாசனம் வைத்திருக்கும் நமக்கு இந்த நியாயத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அளவு என்றால் விருந்தாளிக்கு விரோதம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அதுவும் தவறு. 2018 மார்ச் 11-ஆம் நாளை நம்மில் யார் மறக்க முடியும்? கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணி மலைச்சரிவில் இறங்கி வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இளம்பெண்கள், புதுமணத் தம்பதிகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று முதலில் ஓடி, டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கியவர்கள் அந்த மலைக் கிராமத்து மக்கள். அந்தப் பிள்ளைகள் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர்; நம் மலையின் அழகை நம்பி வந்தவர்கள். புல் காய்ந்து கிடக்கும் மாதம் இது, இந்தப் பாதையில் இன்று போகலாகாது என்று தடுத்து நிறுத்த ஒரு கையிருந்திருந்தால்! “வேண்டாம், இன்று போகாதே” என்று சொல்வதும் விருந்தோம்பல்தான். சில வேளைகளில் அதுவே மேலான விருந்தோம்பல். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024-இல் தமிழ்நாடு முழுவதும் நாற்பது பாதைகளைத் தேர்ந்து, பயிற்சிபெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு மட்டுமே போகும் முறையை வனத்துறை தொடங்கிற்று. இந்த ஏற்பாட்டுக்கு முன்பு எத்தனை தாய்மார் கண்ணீர் சிந்த வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மனிதரை மட்டும் எண்ணினால் போதாது. மலையில் நமக்கு முன்பே குடியிருக்கும் ஜீவன்கள் உண்டு. 2023 மே மாதம் 27-ஆம் நாள் கம்பம் வீதிகளில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை ஓடியதை நாடே பார்த்தது. மூணாறு அருகே சின்னக்கானலிலிருந்து பிடித்துக்கொண்டுவந்து பெரியாறு காட்டில் விடப்பட்ட யானை அது. மேகமலைக்குப் போயிற்று; கம்பத்துக்கு இறங்கிற்று. ஊரில் தடையுத்தரவு போட்டார்கள். மேகமலைக்குச் சுற்றுலா நிறுத்தப்பட்டது. ஜூன் 5-ஆம் நாள் மறுபடியும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்களில் நம் உறவினர் வீடுகளில் எவ்வளவு பயம்! ஆனால் யானை ஏன் ஊருக்குள் வந்தது என்று கேட்டீர்களா? அது பிறந்த காட்டில், அதன் முன்னோர் நடந்த தடங்களில், குடியிருப்புகளும் தோட்டங்களும் தங்கும் விடுதிகளும் முளைத்துவிட்டன. அதன் வழியை நாம் மறித்தோம். அது நம் வழிக்கு வந்தது.

2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடுகள் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. வைகையின் ஊற்றுக்கண் அந்தக் காடுதான். காட்டைக் காப்பது புலிக்காக மட்டும் என்று எண்ணாதீர்கள். அது நம் குடத்துக்காகவும்தான். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் சோதனைச் சாவடிக்காரர் “நேரமாகிவிட்டது, இனி விடமுடியாது” என்று திருப்பி அனுப்பும்போது, வண்டியிலிருப்பவர் முகம் சுளிக்கிறார். அவர் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும் அந்தச் சாவடிக்கும் சம்பந்தம் உண்டு என்பதை யாராவது அவருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

“அப்படியானால் எங்கள் பிழைப்பு?” என்று மகன் கேட்கிறான். அதற்கும் நம் அருகிலேயே விடையுண்டு. குமுளிக்கு அப்பால் தேக்கடிக் காட்டில், வயணப்பட்டை என்ற காட்டு லவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் இருந்தார்கள். பிடித்து அடைப்பதும் விடுவதுமாகவே காலம் போயிற்று. 1990களின் பிற்பகுதியில் அங்குள்ள வனத்துறையார் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்கள். அந்த மனிதர்களையே சேர்த்து ஒரு குழுவாக அமைத்து, காட்டைக் காட்டும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். காட்டின் சந்துபொந்தெல்லாம் அவர்களுக்குத் தெரியும். திருடன் எந்த வழியாக வருவான் என்பதும் தெரியும். பயணிகள் கொடுக்கும் பணத்தில் அவர்கள் குடும்பம் பிழைத்தது, காடும் பிழைத்தது. சிறு கூட்டமாக, நடைப்பயணமாக, வழிகாட்டியோடு அழைத்துப் போவதால் அளவும் காக்கப்பட்டது. அதே ஊரில் பெண்கள் சிலர் ‘வசந்த சேனை’ என்று கூடி, கூலி வாங்காமலே காட்டைச் சுற்றிக் காவல் காக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அளவு வைத்தால் வரும்படி குறையும் என்பது முழு உண்மையன்று. வருகிற பணம் யார் கையில் தங்குகிறது என்பதே முக்கியம். நூறு கார் வந்து, வெளியூர் முதலாளியின் விடுதியில் தங்கி, வெளியூரிலிருந்து வந்த தண்ணீர் பாட்டிலைக் குடித்து, குப்பையை மட்டும் நம் கரையில் போட்டுவிட்டுப் போனால் நமக்கு என்ன லாபம்? பத்தே கார் வந்து, நம் வீட்டுச் சமையலைச் சாப்பிட்டு, நம் தோட்டத்துத் திராட்சையை வாங்கி, நம் பிள்ளையை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டால் ஊருக்கு எவ்வளவு நன்மை! சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் பந்தலுக்கடியில் வெளியூரார் நடந்து பார்த்து, பழமும் சாறும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே விவசாயம் அழியவில்லை, விவசாயமே காட்சியாகிறது. வயலை மூடிவிட்டுக் கட்டடம் எழுப்புவதும், வயலை வைத்துக்கொண்டே பயணியை வரவேற்பதும் ஒன்றாகுமா?

இன்னுமொன்று: ஓய்வு. பழைய ஏற்பாட்டு மக்கள் ஏழாம் ஆண்டு நிலத்தை உழாமல் ஓய்வுவிட வேண்டும் என்பது கட்டளை. நிலத்துக்கும் மூச்சுவிட நேரம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சட்டம் இருந்தது பாருங்கள். நம் காலத்தில் இதைச் செய்து காட்டிய ஊரும் உண்டு. கத்தோலிக்கர் நிறைந்த பிலிப்பைன்ஸ் நாட்டில் போராக்காய் என்றொரு சிறு தீவு. வெள்ளை மணலுக்குப் பேர்போன இடம். விடுதிகளின் கழிவு கடலில் கலந்து நாறத் தொடங்கவே, 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவையே பயணிகளுக்கு மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தபோது, ஒரே சமயத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் இருக்கலாகாது என்று எல்லை வைத்தார்கள். அந்த ஆறு மாதமும் வேலையிழந்து தவித்தவர்கள் அந்தத் தீவின் ஏழைத் தொழிலாளிகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலிருப்பவர்கள் அளவை மறந்த தவறுக்குக் கூலி கொடுத்தவர்கள் கீழிருந்தவர்கள். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் பூமியைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் வேறு வேறல்ல என்று உணர்த்தினார். போராக்காய் அதற்கு ஓர் அத்தாட்சி.

பிரியமானவர்களே, இதுவரை விருந்து கொடுக்கிறவர்களாகப் பேசினோம். ஒரு நிமிஷம் விருந்தாளிகளாகவும் நம்மைப் பார்ப்போம். நாமும் பயணம் போகிறவர்களே. ஆகஸ்டு பிறந்தால் வேளாங்கண்ணிக்கு வேன் பிடிக்கிறோம். பள்ளி விடுமுறையில் கொடைக்கானல் போகிறோம். கடற்கரையில் சோற்றுப் பொட்டலத்தை விரித்துத் தின்றபின் அந்தக் காகிதமும் கவரும் எங்கே போயின? வழியில் வண்டியை நிறுத்தி யாருடைய வயலில் அசுத்தம் செய்தோம்? மாதாவின் திருத்தலத்தில் முழந்தாளிட்டுவிட்டு, அதன் வாசலில் குப்பை போட்டு வருவது பக்தியாகுமா? நம் ஆற்றில் அயலூரான் எறியும் பாட்டிலைப் பார்த்து நமக்கு வரும் கோபத்தில் பாதியாவது நம் கையைப் பார்த்து வரவேண்டும். நல்ல விருந்தாளியாக இருக்கத் தெரியாதவன் நல்ல விருந்து கொடுக்கவும் அறியான்.

இனி, அந்தத் தகப்பனாரிடமும் மகனிடமும் திரும்புவோம். அவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம்? கட்டு என்றோ கட்டாதே என்றோ ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. தகப்பனும் மகனும் ஒரே பாயில் உட்கார்ந்து இவற்றைக் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலாவது: தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும்? கோடையில் கிணறு வற்றும் மாதத்தை வைத்தே கணக்கிட வேண்டும். ஆறு நிறைந்தோடும் மாதத்தை வைத்தன்று. இரண்டாவது: பக்கத்து நிலத்துக்காரர் அத்தனை பேரும் இதையே செய்தால் ஊர் தாங்குமா? தாங்காதென்றால், நான் மட்டும் முந்திக்கொள்வது நியாயமா, அல்லது எல்லோருமாகக் கூடிப் பேரூராட்சியில் பேசி ஓர் எல்லை வைத்துக்கொள்வது நியாயமா? மூன்றாவது: வருகிற பணத்தில் ஊரார் கைக்கு எவ்வளவு போகும்? பாத்திரம் தேய்க்கிற அக்காளுக்கு நியாயமான கூலி உண்டா? நான்காவது: மோசமான நாளில் விருந்தாளியிடம் “இன்று ஆற்றில் இறங்காதீர்கள்” என்று சொல்ல எனக்குத் துணிவிருக்குமா, அல்லது வாடகை போய்விடுமே என்று வாய்மூடி இருப்பேனா? ஐந்தாவது: இருபது வருஷம் கழித்து என் பேரன் இந்தக் கரையில் நின்று, பாட்டன் செய்தது சரி என்று சொல்வானா?

இந்த ஐந்துக்கும் நேர்மையாகப் பதில் தேடுகிறவர் எட்டு அறை கட்டமாட்டார் என்றே தோன்றுகிறது. ஆனால் ஒன்றுமே செய்யாமலும் இருக்கமாட்டார். ஆற்றைவிட்டுத் தள்ளி, ரோட்டுப்பக்கம் இரண்டு மூன்று அறை. கழிவைச் சுத்திகரித்துத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்ச ஒரு வழி. முன்னால் அந்த நெல்வயல், தகப்பனார் காலத்தில் இருந்தபடியே. வருகிறவர் திண்ணையில் உட்கார்ந்து நாற்று நடுவதைப் பார்க்கட்டும். தாயார் வடித்த சோற்றைச் சாப்பிடட்டும். இடம் நிறைந்துவிட்டால் நான்காவது குடும்பத்திடம், “இன்றைக்கு இடமில்லை, அடுத்த வாரம் வாருங்கள்” என்று சிரித்த முகத்தோடு சொல்லட்டும்.

அப்படிச் சொல்வது கடினம். கையில் பணத்தோடு வாசலில் நிற்பவனைத் திருப்பி அனுப்புவது வியாபாரிக்கு உயிரைக் கொடுப்பது போலிருக்கும். கடன் தவணை ஞாபகத்துக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரன் அவனை அழைத்துக்கொள்வான் என்ற எரிச்சலும் வரும். ஆனால் ‘போதும்’ என்ற சொல்லை ஒருவன் தனியே சொன்னால்தான் அது சுமை. ஊரே கூடிச் சொன்னால் அது முறை. வாய்க்கால் முறை யாருக்கும் சுமையாகத் தோன்றுவதில்லையே! ஒவ்வொருவர் முறையும் அவரவருக்கு வரும் என்று தெரிந்திருப்பதால் அல்லவா நாம் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறோம்?

ஆகவே இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும்போது, முடிந்தவர்கள் ஆற்றுப்பக்கமாக நடந்து போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தடுப்பணையருகே சற்று நின்று, மேலிருந்து என்ன வருகிறது என்று பாருங்கள். பின்பு திரும்பி நின்று, கீழே எதை அனுப்புகிறோம் என்றும் பாருங்கள். வருகிறவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது நம் தர்மம். அந்தத் தண்ணீர் நாளைக்கும் கொடுக்கத் தக்கதாக இருக்கும்படி காப்பதும் அதே தர்மத்தின் மறுபாதி.